அடுக்களைக் கூரையில் படிந்த வரலாறு



தீபாவளிக்கு முன் வீட்டிற்குச் சாயம் அடிப்பது நம் மலேசியத் தமிழர் இல்லங்களில் ஏறத்தாழ ஒரு சடங்காகவே நிலைத்துவிட்டது. வரவேற்பறையில் அடித்த சாயம் ஐந்தாறு ஆண்டுகள் நிற்கிறது. சமையலறையின் உட்கூரையில், அதாவது பேச்சு வழக்கில் நாம் 'சீலிங்' என்று சொல்வதில், அடித்த சாயமோ அடுத்த தீபாவளிக்குள் மஞ்சள் பூத்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையின் கடைசி இரண்டு நாள்களில், ஒட்டடையை மட்டும் தட்டிவிட்டு, அவசரம் அவசரமாக நானே சாயம் பூசினேன். நான்கே மாதத்தில் அடுப்புக்கு நேர் மேலே சாயம் தோல்போல் உரிந்து குழம்புச் சட்டியில் விழுந்தது. குற்றம் சாயத்தினுடையதன்று, என்னுடையது. "பாட்டி காலத்தில் மட்டும் எப்படியப்பா உரியாமல் இருந்தது?" என்று என் மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றுக்கொண்டவையே இக்கட்டுரை.

சாம்பலும் சுண்ணாம்பும்

தோட்டத்து லயன் வீடுகளில் விறகடுப்பு எரிந்த காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். குசினியில் உட்கூரை என்று ஒன்று பெரும்பாலும் இராது. புகை தகரக் கூரையிலும் சுவரிலும் கரியாகப் படியும். ஆண்டுக்கு ஒருமுறை தென்னந்துடைப்பத்தால் கரியைத் தேய்த்துத் தள்ளிவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள்.

சுண்ணாம்பு வெறும் வெள்ளை நிறமன்று. நீற்றிய சுண்ணாம்பு கடுமையான காரம். அது நுண்ணுயிர்களை அழிக்கும். பூசிய பின் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு மீண்டும் கல்லாக இறுகும். சுவரின் ஈரம் வெளியேற வழிவிடும். அடுத்த ஆண்டும் அதன்மீதே பூசலாம். ஆகவே அக்காலத்தில் சுவரைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டிய தேவை குறைவாக இருந்தது.

அதே குசினியில் மற்றொரு காரமும் இருந்தது. அது அடுப்புச் சாம்பல். பாட்டிமார் எண்ணெய்ப் பாத்திரத்தைச் சாம்பல் இட்டுத் துலக்கியது ஏழ்மையால் மட்டுமன்று. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரப்பொருள் உண்டு. கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சவர்க்காரம் உண்டாகும். பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெயையே சிறிதளவு சவர்க்காரமாக மாற்றி, அதைக் கொண்டே அழுக்கை நீக்கினார்கள் எனலாம். காரத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆல்கலி' என்ற சொல்லும் தாவரச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்தே பிறந்தது.

காரத்தைத் தேடிய ஐரோப்பா

18ஆம் நூற்றாண்டில் கண்ணாடிக்கும் சவர்க்காரத்திற்கும் துணிக்கும் தேவை பெருகியது. சாம்பலிலிருந்து கிடைத்த காரம் போதவில்லை. பிரான்சு நாட்டவரான நிக்கோலா லெபிளாங்க் கடல் உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறையைக் கண்டறிந்து 1791இல் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சுப் புரட்சியின்போது அவருடைய தொழிற்சாலை பறிமுதலாயிற்று. வறுமையில் வாடிய அவர் 1806இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவர் முறை மட்டும் பரவியது. அதனுடன் நச்சுப் புகையும் பரவியது. தொழிற்சாலைகள் வெளியிட்ட ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி சுற்றுப்புறத்துப் பயிர்பச்சைகளைக் கருக்கியது. அதனைக் கட்டுப்படுத்தவே பிரிட்டன் 1863இல் காரத் தொழிற்சாலைகளுக்கென ஒரு சட்டம் இயற்றியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் சோல்வே 1861இல் கண்ட அம்மோனியா முறை, பின்னர் லெபிளாங்கின் முறையை வழக்கொழியச் செய்தது. இன்று நாம் வாங்கும் சலவைச் சோடா இந்த வரலாற்றின் வழி வந்ததே.

கொழுப்பு ஏன் காரத்திற்கு இணங்குகிறது என்பதை விளக்கியவர் மிஷேல் செவ்ரல். கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்பதைத் தம் ஆய்வுகளால் நிறுவி, 1823இல் நூலாக வெளியிட்டார். பாட்டியின் சாம்பல் செய்த வேலைக்கு அவர் ஆய்வில் விளக்கம் கிடைத்தது.

சாயம் மாறியது, பழக்கம் மாறவில்லை

விறகு போய் மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. பின்பு எரிவாயு வந்தது. கரி குறைந்தது. ஆயினும் தாளிப்பும் பொரியலும் குறையவில்லை. சட்டியிலிருந்து எழும் எண்ணெய்த் துளிகள் ஆவியோடு மேலேறி உட்கூரையில் படிகின்றன. மெல்லிய படலமாகப் படிந்த எண்ணெய் காற்றுப் பட்டு நாளடைவில் பசையாக இறுகுகிறது. ஆளி விதை எண்ணெயைக் கொண்டு செய்த பழைய எண்ணெய்ச் சாயங்கள் காய்ந்து இறுகியதும் இவ்வாறுதான். நம் சமையலறைப் பிசுக்கு, நாம் விரும்பாமலே கூரையில் ஏறிய ஒரு சாயம்!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீரில் கரைத்துப் பூசும் எமல்ஷன் சாயங்கள் பரவலாயின. அமெரிக்காவில் 1948இல் கடைகளுக்கு வந்த 'ஸ்பிரெட் சாட்டின்' அவற்றுள் முன்னோடி. பூசுவதும் எளிது, தூரிகையைத் தண்ணீரில் கழுவுவதும் எளிது. ஆனால் நீரும் எண்ணெயும் ஒட்டாதன்றோ? பிசுக்கின்மீது பூசிய எமல்ஷன் சுவரைப் பற்றுவதில்லை, பிசுக்கைத்தான் பற்றுகிறது. அடுப்பின் சூட்டில் பிசுக்கு இளகும்போது சாயமும் உடன் கழன்றுவிடுகிறது. என் குழம்புச் சட்டியில் விழுந்ததன் காரணம் இதுவே. சுண்ணாம்புக் காலத்துப் பழக்கத்தை எமல்ஷன் காலத்திலும் தொடர்ந்தது என் பிழை.

சுரண்டுமுன் சிந்திப்போம்

இங்குப் பெற்றோர் சற்று நின்று கவனிக்க வேண்டும். பழைய வீடுகளில் உப்புத்தாளால் தேய்ப்பது சாயம் உரிவதைவிடப் பன்மடங்கு தீங்காகலாம்.

முதலாவது ஈயம். நெடுங்காலம் வெள்ளைச் சாயத்திற்கு ஈயச் சேர்மமே மூலப்பொருள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரக் கண் மருத்துவர் லாக்கார்ட் கிப்சன், தம்மிடம் வந்த சிறுவர்களின் ஈய நச்சுக்கு வீட்டுச் சாயமே காரணம் என்று 1904இல் எழுதினார். தாழ்வாரக் கைப்பிடிகளில் தூளாக உதிர்ந்த சாயம் பிள்ளைகளின் விரல்வழியே வாய்க்குச் சென்றது. குவீன்ஸ்லாந்து மாநிலம் 1922இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவோ வீட்டுச் சாயத்தில் ஈயத்தை 1978இல்தான் தடை செய்தது. ஒரு மருத்துவரின் எச்சரிக்கைக்கும் அந்தத் தடைக்கும் இடையே 74 ஆண்டுகள்! ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கற்றல் திறனையும் பாதிக்கும் என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாகாது.

இரண்டாவது கல்நார். தட்டையான கல்நார்ச் சிமெண்டுப் பலகைகள் உட்கூரைக்குப் பெரிதும் பயன்பட்டன. சிங்கப்பூரில் 1989 முதல் கட்டடங்களில் கல்நாரைப் பயன்படுத்தத் தடை உள்ளது. அதற்கு முன் கட்டிய வீடுகளிலும், நம் நாட்டின் பழைய வீடுகளிலும் அது இருக்கக்கூடும். பலகை சிதையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. தேய்த்தாலோ துளைத்தாலோ நுண்ணிழைகள் காற்றில் கலந்து நுரையீரலை அடையும். நோய் பல பத்தாண்டுகள் கழித்தும் தோன்றலாம். கண்ணால் பார்த்து இனங்காண இயலாது. ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். ஐயம் இருந்தால் தேய்க்காமல், சுரண்டாமல் வல்லுநரை அழையுங்கள்.

எனவே செய்ய வேண்டியவை

கூரை பாதுகாப்பானது என்று உறுதியான பின், நான் இப்பொழுது கடைப்பிடிக்கும் முறை இது.

1. விளக்கு, விசிறிக்கான மின்சாரத்தை அடைத்துவிட்டு, அடுப்பையும் தரையையும் மூடுக. பிள்ளைகள் அவ்விடம் வரலாகாது.
2. ஒட்டடையையும் தூசியையும் உலர்ந்த நிலையிலேயே நீக்குக.
3. வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தையோ சிறிது சலவைச் சோடாவையோ கரைத்து, பிழிந்த பஞ்சால் சிறு சிறு பகுதியாகத் துடைத்திடுக. காரநீர் மேலிருந்து சொட்டும். கண்ணுக்குக் கவசமும் கைக்கு உறையும் கட்டாயம் வேண்டும்.
4. தூய நீரால் இருமுறை துடைத்திடுக. எஞ்சிய சோப்பும் சாயத்தைப் பற்றவிடாது.
5. நன்கு காய்ந்த பின் சிறிது நீர் தெளித்துப் பார்க்க. நீர் முத்துமுத்தாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் உள்ளது, மறுபடியும் கழுவுக.
6. மஞ்சள் கறை மேலெழாதிருக்கக் கறைதடுப்பு அடிச்சாயம் ஒருமுறை பூசி, அதன்பின் மேற்சாயம் பூசுக.

முன்னாளில் சாயக்காரர்கள் இவ்வேலைக்கு டிரைசோடியம் பாஸ்பேட்டைப் பெரிதும் நம்பினர். பாஸ்பேட்டு நீர்நிலைகளில் பாசியைப் பெருக்குவது 1960களில் வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் கண்கூடாயிற்று. 1972இல் அமெரிக்காவும் கனடாவும் அதைக் குறைக்க உடன்படிக்கை செய்துகொண்டன. வீட்டு உட்கூரைக்குச் சலவைச் சோடாவே போதும்.

சென்ற தீபாவளிக்கு என் மகளும் நானும் சாயத்திற்கு ஒரு நாளும், கழுவுவதற்கு இரண்டு நாளும் செலவிட்டோம். கூரையைத் துடைத்த நீர் தேநீர் நிறத்தில் வாளியில் நின்றது. "இவ்வளவும் நாம் சாப்பிட்டதா அப்பா?" என்றாள். அறிவியல் பாடத்தில் அமிலமும் காரமும் கற்பிக்கும் ஆசிரியர்கள், எண்ணெய் தடவிய ஒரு தட்டையும் கொஞ்சம் சாம்பலையும் வகுப்பிற்குக் கொண்டுசென்று பாருங்கள். மாணவர்கள் தங்கள் பாட்டிமாரைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.