அழுகைக்கு நான்கு காரணங்கள்

காணி விடுவிக்கப்பட்டு முதன்முறை காங்கேசன்துறைக்குப் போனபோது என் பெரியம்மா அழவில்லை. வீடு நின்ற இடத்தில் அத்திவாரமும் கிணறும் மட்டுமே இருந்தன. கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “கயிறும் வாளியும் எங்க பிள்ளை?” என்று கேட்டார். கூட வந்த மாமா, “மனுசிக்கு ஒண்டும் விளங்கேல்லைப் போல” என்றார். அந்தச் சொல் என்னை நெடுநாள் உறுத்தியது. ஒருவர் துக்கப்படுகிறாரா இல்லையா என்பதை நாங்கள் எந்த விதியை வைத்துத் தீர்மானிக்கிறோம்?

தமிழில் இதற்குப் பழைய இடம் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு. உள்ளத்தில் நிகழ்வது புறத்தாருக்குப் புலப்படும்படி வெளிப்படுவதே மெய்ப்பாடு என்கிறார் உரையாசிரியர் பேராசிரியர். அந்த உரையைக் குறிப்புகளுடன் பதிப்பித்தவர் எங்கள் அயலூரான புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த சி. கணேசையர், 1943இல் சுன்னாகத்தில் அச்சேறியது.

அழுகைக்குரிய நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இவற்றில் இழவும் அசைவும் ஒன்றல்ல. உறவையோ அனுபவித்த பொருளையோ பறிகொடுப்பது இழவு. முன்பிருந்த நிலை கெட்டு, வேறொரு நிலையில் கிடந்து வருந்துவது அசைவு. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களுக்கு வீடு போனது இழவு. தோட்டமும் கிணறும் வைத்திருந்தவர் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றாரே, அது அசைவு. இழப்பு விபரப் படிவத்தில் வீட்டையும் கிணற்றையும் மாட்டையும் எழுதலாம். அசைவை எங்கே எழுதுவது?

பட்டியல் கையில் இருந்தாலும் அதைப் பொருத்துவது எப்படி என்ற கேள்வி மிஞ்சும். விட்கென்ஸ்டைனின் ‘மெய்யியல் ஆய்வுகள்’ அவர் இறந்து இரண்டு ஆண்டுகளின் பின், 1953இல் வெளிவந்தது. அதில் ஒரு மாணவன் இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே வருகிறான். ஆயிரத்தைத் தாண்டியதும் 1004, 1008 என்று எழுதுகிறான். அவனைக் கேட்டால் ‘அதே மாதிரித்தான் செய்கிறேன்’ என்பான். ஒரு விதியின் எல்லாப் பிரயோகங்களும் அதற்குள் முன்கூட்டியே அடைக்கப்பட்டிருப்பதில்லை. பயிற்சியும் வழக்கமும் சேர்ந்து வாழும் வாழ்க்கையும்தான் சரி பிழையைத் தருகின்றன. ஒரு சொல்லுக்குள் வரும் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அம்சம் இருக்கவேண்டும் என்பதுமில்லை. குடும்பச் சாயல் போதும்.

‘ஊர்’ என்ற சொல்லையே பாருங்கள். முகாமில் பிறந்து, கடலைக்கூட அந்தப் பக்கமாகப் பார்த்திராத பிள்ளை, “எந்த ஊர்?” என்றால் “காங்கேசன்துறை” என்றது. பதிவுக்கு வந்தவர் கேட்டால் முகாமின் பெயரைச் சொன்னது. இரண்டும் சரி. எந்த இடத்தில் எதைச் சொல்வதென்று யாரும் அதற்கு வரைவிலக்கணம் சொல்லிக்கொடுக்கவில்லை.

மாமாவும் ஒரு வழக்கத்தின்படியே பேசினார்: இழந்தவர் அழவேண்டும். ஆனால் எங்கள் செத்தவீடுகளில் சிரிப்பவர்களை அவரும் கண்டிருப்பார்.

அடுத்த கிழமை பெரியம்மா கயிறும் வாளியும் வாங்கச் சொன்னார். முதல் வாளியைத் தானே இழுத்தார். முகம் கழுவினார். நெடுநேரம் கழுவிக்கொண்டே நின்றார். மாமா வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.