நெய்யூர் வராந்தா

இந்த எபிசோட் ஒரு ஆஸ்பத்திரியைப் பற்றியது. குமரி மாவட்டத்தில் இரணியலுக்குப் பக்கத்தில் நெய்யூர்னு ஒரு ஊர். அங்கே இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரி எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும். சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து கேக்குறவங்களுக்கு அநேகமா தெரியாது.

லண்டன் மிஷன் சங்கத்தின் போதகர் ரிங்கல்தௌபே தெற்குத் திருவிதாங்கூருக்கு வந்தது 1806ல். அதே சங்கம் ஒரு டாக்டரை நெய்யூருக்கு அனுப்ப 1838 ஆகிவிட்டது. அவர் பெயர் ஆர்ச்சிபால்ட் ராம்சே. கவனிங்க, பிரசங்கம் வந்து முப்பது வருஷம் கழிச்சுதான் மருந்து வருது. ராம்சே ரொம்ப நாள் இருக்கவில்லை. பிறகு வந்த டாக்டர் சார்லஸ் லீட்ச் 1854ல் முட்டம் கடலில் மூழ்கி இறந்துபோனார். அடுத்த டாக்டர் ஜான் லோ வந்து சேர்ந்தது 1861ல். நடுவில் ஏழு வருஷம். எங்க வேலையில் இதுக்கு ஒரு பெயர் உண்டு: சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். ஒரே ஒரு ஆளை நம்பி மொத்த சிஸ்டமும் நிக்குது.

லோ செய்த முக்கியமான காரியம், என் கணக்கில், அறுவை சிகிச்சை இல்லை. உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு ஆரம்பித்ததுதான். அந்த வகுப்பில் படித்தவர்கள் சுற்றுவட்டாரத்துக் கிளை மருந்தகங்களைப் பார்த்துக்கொண்டார்கள். 1868ல் லோ ஊர் திரும்பியபோது வேலை அவரோடு போய்விடவில்லை.

அவர் வந்த நேரத்தையும் பார்க்கணும். 1859 ஜனவரியில் தோள்சீலைக் கலவரம். அந்த ஜூலையில்தான் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசு ஒத்துக்கொண்டது. அதிலும், உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யாருக்கு எத்தனை அடி விலகி நிக்கணும் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்த ராஜ்யம் அது. அங்கே நெய்யூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிராமணரும் புலையரும் ஒரே டாக்டருக்காகக் காத்திருந்தார்கள். சாதி ஒழிந்துவிட்டதுன்னு நான் சொல்லலை. வீட்டுக்குப் போனதும் குளித்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். ஆனா வலி தாங்காம வந்தவனுக்கு வேற வராந்தா கிடையாது.

இனி அறுபது வருஷம் தாண்டி, அதே வராந்தாவில் வந்து நின்ற ஒருத்தருக்குப் போவோம். தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் காலணி தயாரிக்கிற வசதியான குடும்பம். படித்து சர்ஜன் ஆனவர். முதல் உலகப் போரில், 1916ல், சோம் சண்டையின்போது பிரான்சில் இருந்தார். கூடாரத்துக்கு வெளியே புல்தரையில் ஆயிரக்கணக்கில் காயம்பட்ட சிப்பாய்கள். உள்ளே ஒரு சில சர்ஜன்கள். யாரை முதலில் எடுப்பது என்று இவர்கள்தான் தேர்ந்தெடுக்கணும். அந்தக் காட்சி அவரைப் போருக்கே எதிரானவராக ஆக்கியது.

1922ல் எவரெஸ்ட் பயணத்தில் மலையேறப் போனார். ஜூன் 7 அன்று பனிச்சரிவு. சுமை தூக்கி வந்த ஏழு பேர் செத்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர்கூடச் சாகவில்லை. நம்மில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்ற அர்த்தத்தில் அவர் பிறகு எழுதினார். பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் நெய்யூருக்கு வந்தார். அங்கே டாக்டர் பியூ என்று ஒரே ஒரு சர்ஜன். வெளியே முடியாத வரிசை. சோம் புல்தரை அவருக்கு ஞாபகம் வந்திருக்கும் என்பது என் ஊகம்தான். லண்டனில் நல்ல வேலை காத்திருந்தது. அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார்.

1924ல் மறுபடி எவரெஸ்ட். நாலு சுமைதூக்கிகள் மேலே பனியில் மாட்டிக்கொண்டார்கள். சோமர்வெல், நார்ட்டன், மல்லோரி மூவரும் அவர்களுக்காக ஏறினார்கள். கடைசி சில கஜத்துக்குக் கயிறு எட்டவில்லை. சறுக்கிய இரண்டு பேரை சோமர்வெல் எட்டிப் பிடித்து இழுத்தார். இந்த முறை யாரையும் விட்டுவிட்டு இறங்கவில்லை. (மல்லோரி கடைசியாகக் கொண்டுபோன கேமரா இவர் கொடுத்ததுதான். அது தனி எபிசோட்.)

நெய்யூரில் அவர் அதிகம் பார்த்தது வயிற்றுப்புண். வலியில் சுருண்டு வரும் ஏழைகள். அறுத்துச் சரிசெய்வதோடு அவர் நிறுத்தலை. இது ஏன் இங்கே இவ்வளவு பேருக்கு வருது? சக டாக்டர் ஆரோடு சேர்ந்து 1936ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். குன்னூரில் மெக்காரிசன் என்ற விஞ்ஞானி எலிகளுக்கு, மரச்சீனிக் கிழங்கை நம்பி வாழ்ந்த திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் புண் வந்தது. கிருமியின் பங்கு பல பத்தாண்டு கழித்துத்தான் தெரிந்தது. ஆனாலும் நோயாளியின் தட்டில் என்ன இருக்குன்னு ஒரு சர்ஜன் பார்த்தது எனக்குப் பெரிய விஷயமாப் படுது.

இதெல்லாம் மதம் மாற்றத்தானேன்னு சிலர் கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரியில் ஜெபமும் பிரசங்கமும் நடந்தன. சங்கம் அதை ஒளித்ததும் இல்லை. சோமர்வெல் தீவிர விசுவாசி. ஆனா மேஜையில் படுத்தவரிடம் அவர் எந்த மதம் என்பது சிகிச்சைக்கு நிபந்தனையா இருக்கலை. வந்த எல்லாரும் கிறிஸ்தவராகவும் ஆகலை. பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத் தையல் பிரித்துக்கொண்டு பழைய சாமியிடமே போனவர்கள் ஏராளம். அடுத்த முறை வயிறு வலித்தபோதும் அவர்கள் நெய்யூருக்குத்தான் வந்தார்கள்.

1949லிருந்து சோமர்வெல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்திய மாணவர்களுக்கு அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுத்தார், 1961 வரைக்கும். லோ நெய்யூரில் தொடங்கிய அதே வேலை, கொஞ்சம் பெரிய வகுப்பறையில்.