கத்தியின்றிக் கண்ட வயிறு

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வகுக்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நால்வகையுள் முதலிடம் நோயுற்றவருக்கே. மருத்துவ வரலாற்று நூல்களிலோ அவர் பெரும்பாலும் கடைசியில் நிற்கிறார். வயிற்றைக் கிழிக்காமல் அதன் நோயை அறியவும் தீர்க்கவும் மனிதர் கற்றுக்கொண்ட வரலாற்றை, அதற்காகத் தம் உடலைத் தந்தவர்களின் பக்கம் நின்று நோக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

1822ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அமெரிக்காவின் மெக்கினாக் தீவில், கனடாவைச் சேர்ந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கூலித் தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு தவறுதலாகப் பாய்ந்தது. படை மருத்துவர் வில்லியம் போமண்ட் அவரைக் காப்பாற்றினார். புண் ஆறியது, ஆனால் இரைப்பைக்குச் செல்லும் துளை மூடவில்லை. அத்துளை வழியே இறைச்சித் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி இறக்கி, அவை எவ்வளவு நேரத்தில் கரைகின்றன என்று போமண்ட் குறித்துவந்தார். 1833இல் வெளிவந்த அவரது நூல், செரிமானம் என்பது இரைப்பைச் சாறு நிகழ்த்தும் வேதிவினை என்பதை நிறுவியது.

செயின்ட் மார்ட்டின் எழுதப் படிக்கத் தெரியாதவர். தம் வயிற்றை ஆய்வுக்கு உட்படுத்த இசையும் ஒப்பந்தத்தில் அவர் இட்டது கையொப்பம் அன்று, ஒரு கீறலே. ஆய்வுகளை வெறுத்துப் பலமுறை ஊர் திரும்பினார். 1880இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கொண்டுபோய்விடக் கூடாது என்று குடும்பத்தார் அது சிதையும்வரை காத்திருந்து, ஆழக் குழி தோண்டிப் புதைத்தனர்.

துளையில்லாத வயிற்றுக்குள் காண்பது எங்ஙனம்? 1868இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் அடால்ப் குஸ்மால் என்னும் மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் துணையை நாடினார். தலையைப் பின்னே சாய்த்தால் வாயும் உணவுக்குழாயும் நேர்கோட்டில் அமையும் என்பது அவ்வித்தைக்காரரின் தொழில் அறிவு. அவர் 47 செண்டிமீட்டர் நீளமுள்ள உலோகக் குழாயை விழுங்கிக் காட்டினார். வழி கிடைத்தது, ஒளி போதவில்லை. விளக்கின் வெளிச்சம் இரைப்பையை எட்டாததால் குஸ்மால் அம்முயற்சியைக் கைவிட்டார்.

வளையாத குழாய் நோயாளியை வருத்தியது. உணவுக்குழாயைத் துளைத்துவிடும் அபாயமும் இருந்தது. இக்குறையைத் தீர்த்தது கண்ணாடி இழை. ஒளியை உள்ளேயே பிரதிபலித்துக் கடத்தும் மெல்லிய இழைகளைக் கட்டாகச் சேர்த்தால், வளைந்த பாதையிலும் பிம்பம் வந்துசேரும். ஆனால் ஓரிழையின் ஒளி அடுத்த இழையில் கசிந்தது. 1956இல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் லாரி கர்ட்டிஸ், ஒவ்வோர் இழையையும் வேறுவகைக் கண்ணாடியால் போர்த்திக் கசிவைத் தடுத்தார். 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்னும் மருத்துவர் புதிய உள்நோக்கியை முதலில் தாமே விழுங்கினார். அதன் பின்னரே நோயாளி ஒருவருக்குச் செலுத்தினார்.

பார்க்க மட்டும் பயன்பட்ட கருவி விரைவில் பண்டுவமும் செய்தது. 1969இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ப், ஹிரோமி ஷின்யா ஆகியோர் பெருங்குடலில் முளைத்த பாலிப் என்னும் சிறு வளர்ச்சிகளை, உள்நோக்கி வழியே கம்பிச் சுருக்கிட்டு அகற்றினர். அவற்றுள் சில பின்னாளில் புற்றாக மாறக்கூடியவை. 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும், வயிற்றைத் திறவாமலேயே பித்தநாளக் கற்களை வெளியேற்ற வழி கண்டனர்.

இரைப்பைப் புண்ணுக்கும் ஒரு காலத்தில் அறுவையே முடிவான மருத்துவமாக இருந்தது. அதை மாற்றியவர்களுள் ஒருவர் நம் வட்டாரத்தோடு தொடர்புடையவர். ஜேம்ஸ் பிளாக், 1947 முதல் சிங்கப்பூரின் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்தவர். பின்னர் இங்கிலாந்தில் அவர் தம் குழுவினரோடு உருவாக்கிய சிமெட்டிடின், அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தாக 1976இல் விற்பனைக்கு வந்தது. புண் ஆறியது, மருந்தை நிறுத்தியதும் பலருக்குத் திரும்ப வந்தது.

காரணத்தைக் கண்டவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரன், பேரி மார்ஷல் இருவரும் ஆவர். புண்ணுக்கு மூலம் ஒரு நுண்ணுயிரி என்று அவர்கள் கூறியதைப் பலர் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்நுண்ணுயிரி கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாள்களில் வாந்தி கண்டது. உள்நோக்கிச் சோதனை இரைப்பை அழற்சியைக் காட்டியது. இருவருக்கும் 2005இல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று அந்நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் பெரும்பாலும் போதுமானவை.

ஹிர்ஷோவிட்சும் மார்ஷலும் அறிந்தே தம் உடலைத் தந்தனர். செயின்ட் மார்ட்டினுக்கு அந்த அறிவும் உரிமையும் வாய்க்கவில்லை. இக்காலத்தில் உள்நோக்கிச் சோதனைக்கு முன் நோயாளியின் எழுத்துவழி ஒப்புதல் பெறப்படுகிறது. செய்யப்போவது என்ன, அதன் அபாயம் என்ன என்பது அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லப்படாவிட்டால், அக்கையொப்பமும் ஒரு கீறலே. தமிழ் மட்டுமே அறிந்த ஒரு முதியவருக்கு அதனை எளிய தமிழில் எடுத்துரைக்கும் ஆற்றல் நம் மாணவர்களுக்கு வேண்டும். அருகிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாக வள்ளுவர் வைத்தார்; அப்பணி அவர்களுக்கு உரியது.