வீழ்ந்த சந்தையும் முதியோர் சேமிப்பும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. செலவு செய்பவனை நோக்கிச் சொல்லப்பட்ட இவ்வறிவுரை சேமிப்பவனுக்கும் பொருந்தும். உழைக்குங் காலத்திற் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளை எங்கே இடுவது, எவ்வளவு இடுவது, எத்தனை ஆண்டுகளுக்கு இடுவது என்று அளந்து பாராதவன், இளைப்பாறிய பின்னர் அதனைத் தேடும்போது வெறுங்கையுடன் நிற்க நேரும். இருபதாம் நூற்றாண்டில், உலகின் செல்வ நாடுகளுள் முதன்மை பெற்ற அமெரிக்காவிலேயே இலட்சக்கணக்கான முதியோர் இவ்வாறு நின்றனர். அவர்கள் எவ்வாறு அந்நிலையை அடைந்தனர், அதனின்றும் அந்நாடு கற்ற பாடங்கள் யாவை என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதுமையில் ஒருவனைக் காப்பது யார் என்னும் வினாவுக்கு நெடுங்காலமாக உலகமெங்கும் ஒரே விடையே இருந்தது. பிள்ளைகள் காப்பார்கள், நிலம் காக்கும். கைத்தொழிற் புரட்சி வந்து, மக்கள் ஊரையும் நிலத்தையும் விட்டு நகரங்களிற் கூலிக்கு உழைக்கத் தொடங்கிய பின்னரே இவ்விடை தளர்ந்தது. அப்போது சரக்கேற்றும் தொழிலை நடத்திய அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பனி 1875ஆம் ஆண்டிலே தன் ஊழியர்க்கு ஓய்வூதியத் திட்டம் ஒன்றை வகுத்தது. ஜெர்மனியிலே பிஸ்மார்க்கின் ஆட்சி 1889ஆம் ஆண்டில் முதியோர் காப்புறுதிச் சட்டத்தை இயற்றியது. ஆயினும் பெரும்பாலான அமெரிக்கத் தொழிலாளர் தம் கைச்சேமிப்பையே நம்பி வாழ்ந்தனர்.

இந்நிலையிலேதான் 1920ஆம் ஆண்டுகளின் செழிப்பு வந்தது. மோட்டார் வண்டியும் வானொலியும் மின்சாரமும் பரவின. நியூயோர்க்கின் வோல் வீதியிற் பங்குகளின் விலை ஆண்டுதோறும் ஏறிற்று. விலையில் ஒரு பகுதியை மட்டும் கையிலிருந்து செலுத்தி, எஞ்சியதைத் தரகரிடம் கடனாகப் பெற்றுப் பங்கு வாங்கும் வழக்கம் பெருகியது. 1929ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தரகர் வழிக் கடன்கள் 800 கோடி டொலருக்கு மேற்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், பெண்களுக்கான புகழ்பெற்ற சஞ்சிகை ஒன்றில், ஜோன் ராஸ்கொப் என்னும் பெருந்தனவந்தரின் கருத்து வெளிவந்தது. மாதந்தோறும் 15 டொலரைச் சிறந்த பங்குகளில் இட்டு, பங்கிலாபத்தையும் எடுத்துச் செலவிடாது மீண்டும் இட்டு வருபவர் இருபது ஆண்டுகளில் 80,000 டொலர் உடையவராவர் என்று அவர் உறுதி கூறினார். யேல் பல்கலைக்கழகத்துப் பொருளியற் பேரறிஞர் இர்விங் பிஷரும், பங்கு விலைகள் இறங்காத உயர்நிலையை அடைந்துவிட்டன என்ற கருத்தை அக்டோபர் மாத நடுவில் வெளியிட்டார்.

அக்கூற்று வெளிவந்து இரு வாரங்கள் செல்லுமுன்னர் சந்தை சரிந்தது. அக்டோபர் 24ஆந் தேதி வியாழக்கிழமை தொடங்கிய கலக்கம், 28, 29ஆந் தேதிகளில் உச்சத்தை எட்டியது. 29ஆந் தேதி செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் 1 கோடி 60 இலட்சத்துக்கு மேற்பட்ட பங்குகள் கைமாறின. முப்பது பெருங் கம்பனிகளின் விலையைக் காட்டும் டௌ ஜோன்ஸ் சுட்டெண், செப்டெம்பர் 3ஆந் தேதி 381 ஆக இருந்தது. 29ஆந் தேதி மாலையில் 230 ஆயிற்று. அதனோடு முடிந்திருப்பின் வரலாறு வேறாயிருக்கும். இடையிடையே சிறிது ஏறியும் பெரிதும் இறங்கியும், 1932ஆம் ஆண்டு ஜூலை 8ஆந் தேதி அச்சுட்டெண் 41ஐ அடைந்தது. நூறு டொலர் பெறுமதியில் ஏறக்குறைய எண்பத்தொன்பது டொலர் அழிந்தது. பழைய 381 என்ற உயரத்தை அது மீண்டும் கண்டது 1954ஆம் ஆண்டு நவம்பரிலேயாகும். பங்கிலாபத்தையும், அக்காலத்திற் பொருள்களின் விலை குறைந்ததையும் கணக்கிற் கொண்டால் நட்டம் இதனினும் விரைவில் ஈடாயிற்று என்பது உண்மை. எனினும், 1929இல் அறுபத்தைந்து வயதினராயிருந்த ஒருவருக்குச் சில ஆண்டுகளும் நெடுங்காலமே அன்றோ!

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அக்கால அமெரிக்கரிற் பங்கு வைத்திருந்தோர் மிகச் சிறுபான்மையினரே. அவ்வாறாயின் சந்தையின் வீழ்ச்சி ஏழை முதியோரை எவ்வாறு தாக்கியது? வங்கிகளின் வாயிலாகவும் வேலையின்மையின் வாயிலாகவும் தாக்கியது. 1930 முதல் 1933 வரை ஏறக்குறைய 9,000 வங்கிகள் முறிந்தன. வைப்புகளுக்கு நாடளாவிய காப்புறுதி அப்போது இல்லை. பங்கு என்ற சொல்லையே அறியாத முதியவரும், சேமிப்புப் புத்தகத்தைக் கையில் ஏந்தியவாறு அடைத்த கதவின் முன் நின்றார். 1933இல் தொழிலாளரில் நால்வருக்கு ஒருவர் வேலையிழந்திருந்தமையால், பெற்றோரைத் தாங்க வேண்டிய பிள்ளைகளும் தாங்க இயலாது தவித்தனர். சேமிப்பு, வங்கி, பிள்ளைகள் என்னும் மூன்று தூண்களும் ஒருங்கே சாய்ந்தன.

இத்துயரத்தினின்றும் ஒரு குரல் எழுந்தது. கலிபோர்னியாவின் லோங் பீச் நகரிலே வாழ்ந்த பிரான்சிஸ் டவுன்சென்ட் என்னும் வயது முதிர்ந்த மருத்துவர், 1933ஆம் ஆண்டில் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அறுபது வயது கடந்த ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் மாதம் 200 டொலர் அளிக்க வேண்டும். பெறுபவர் வேலையினின்றும் விலகி, அப்பணத்தை ஒரு மாதத்துள் செலவிட வேண்டும் என்பது அவர் வகுத்த திட்டம். கணக்குக்கு அது ஒவ்வாது எனப் பொருளியலாளர் மறுத்தனர். ஆயினும் நாடெங்கும் டவுன்சென்ட் சங்கங்கள் தோன்றி முதியோரைத் திரட்டின. அரசியல்வாதிகள் அச்சங்கங்களைப் புறக்கணிக்க இயலவில்லை.

ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ற்றின் அரசாங்கம் இரு வழிகளில் விடையிறுத்தது. முதலாவது, சேமிப்பு இருக்கும் இடங்களைச் செம்மை செய்தல். 1933ஆம் ஆண்டுச் சட்டத்தால் வங்கி வைப்புகளுக்குக் காப்புறுதி ஏற்பட்டது. தொடக்கத்தில் ஒருவருக்கு 2,500 டொலர் வரை அது காத்தது. 1933, 1934ஆம் ஆண்டுச் சட்டங்கள், பங்கு விற்கும் கம்பனிகள் தம் உண்மை நிலையை வெளியிட வேண்டும் என விதித்து, சந்தையைக் கண்காணிக்க ஓர் ஆணைக்குழுவையும் நிறுவின. இரண்டாவது, சந்தையைச் சாராத அடிப்படை வருமானம் ஒன்றை முதியோருக்கு அளித்தல். 1935ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆந் தேதி சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ரூஸ்வெல்ற் கையொப்பமிட்டார். 1937 முதல் ஊழியரும் முதலாளியும் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று வீதம் செலுத்தினர். அந்நிதி அரசாங்கப் பிணைமுறிகளில் மட்டுமே இடப்பட்டது. விவசாயத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் தொடக்கத்தில் இதனுட் சேர்க்கப்படாமை பெருங் குறையே.

வேர்மொன்ற் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே புல்லர் என்னும் அம்மையார் 1940ஆம் ஆண்டு ஜனவரி 31ஆந் தேதியிட்ட முதல் மாதாந்தக் காசோலையைப் பெற்றார். அதன் தொகை 22 டொலர் 54 சதம். அவர் அதுகாறும் செலுத்தியிருந்தது 24 டொலர் 75 சதமே. அம்மையார் நூறு வயது வரை, 1975ஆம் ஆண்டு வரை வாழ்ந்து, மொத்தம் 22,000 டொலருக்கு மேற் பெற்றார். திட்டத்தின் தொடக்கத்திற் சேர்ந்தோர்க்கு வாய்த்த நற்பேறு இது. பின்வந்தோர்க்கு இவ்வாறு அமையவில்லை. எனினும், ஒருவர் எத்தனை வயது வரை வாழினும் நில்லாது வரும் வருமானம் என்பதன் பொருளை இவ்வம்மையாரின் வாழ்வு காட்டிற்று.

ஓய்வூதியம் தருவதாக வாக்களித்த கம்பனியே வீழ்ந்தால் என் செய்வது? 1963ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்ரூடிபேக்கர் மோட்டார் கம்பனி, இண்டியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரிலிருந்த தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. ஓய்வூதிய நிதியில் இருந்த பணம் போதவில்லை. அறுபது வயதடைந்தோர் முழுத்தொகையும் பெற்றனர்; அதற்கு இளையோராய் நெடுங்காலம் உழைத்த ஏறக்குறைய 4,000 பேர் நூற்றுக்குப் பதினைந்து வீதமே பெற்றனர்; ஏனையோர் ஒன்றும் பெற்றிலர். இந்நிகழ்ச்சியின் எதிரொலியாகவே, 1974ஆம் ஆண்டில் ஓய்வூதியங்களைக் காக்கும் பெருஞ்சட்டம் ஒன்று பிறந்தது.

அதன் பின்னர் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. 1978ஆம் ஆண்டு வரிச் சட்டத்தின் ஒரு பிரிவைப் பற்றுக்கோடாகக் கொண்டு, கம்பனிகள் மாத ஓய்வூதியத்தைக் கைவிட்டு, ஊழியர் தாமே பணத்தைப் பங்குகளில் இடும் தனிக்கணக்குகளை ஏற்படுத்தின. இதனால் சந்தையின் ஆபத்து முதலாளியின் தோளிலிருந்து ஊழியனின் தோளுக்கு மாறிற்று. 2001ஆம் ஆண்டில் என்ரோன் கம்பனி முறிந்தபோது, அதன் ஊழியர் இளைப்பாறுங் காலத்துக்கெனச் சேர்த்ததிற் பாதிக்கு மேற்பட்டது அக்கம்பனியின் பங்குகளிலேயே இருந்தது. வேலையும் சேமிப்பும் ஒரே நாளிற் போயின. சம்பளம் வரும் இடத்திலேயே சேமிப்பையும் வைத்தல் தகாது என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

2007ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 2009ஆம் ஆண்டு மார்ச் வரை அமெரிக்கப் பங்குகள் மீண்டும் பாதிக்கு மேல் வீழ்ந்தன. 2013ஆம் ஆண்டு மார்ச்சிலே பழைய உயரத்தைக் கடந்தன. நாற்பது வயதினர் பொறுத்திருந்து மீண்டனர். மாதச் செலவுக்காக விற்க வேண்டியவராயிருந்த முதியோரும், அஞ்சி அடித்தளத்தில் அனைத்தையும் விற்றவரும் மீளவில்லை.

இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒருவரிடம் 10,000 டொலர் உண்டு. ஆண்டுச் செலவுக்கு 600 டொலர் வேண்டும் எனக் கொள்வோம். முழுவதும் பங்குகளில் இருக்க, விலை பாதியாக வீழ்ந்து மூன்றாண்டு அவ்வாறே கிடந்தால், 5,000 டொலரிலிருந்து 1,800 டொலர் போக 3,200 எஞ்சும். விலை பழைய நிலையை அடைந்தாலும் அவர் கையில் இருப்பது 6,400 டொலரே. மாறாக, ஐந்தாண்டுச் செலவுக்குரிய 3,000 டொலரைப் பிணைமுறியிலும் காப்புறுதியுள்ள வைப்பிலும் வைத்து, 7,000 டொலரை மட்டும் பங்கில் இட்டவர், அம்மூன்றாண்டும் பங்கைத் தொடார். விலை மீண்டபின் அவரிடம் 8,200 டொலர் இருக்கும். வட்டியும் பங்கிலாபமும் இங்கே சேர்க்கப்படவில்லை. சந்தை இருவருக்கும் ஒன்றே. அளந்து வைத்தமையே வேறுபாடு. ஆயினும் 1929ஐப் போன்ற நீண்ட வீழ்ச்சிக்கு ஐந்தாண்டுக் காப்பும் போதாது. அங்கே கைகொடுப்பது ஆயுள் வரை வரும் ஓய்வூதியமே.

அங்ஙனமாயின் பங்கையே விலக்கி, எல்லாவற்றையும் அரசாங்கப் பிணைமுறியில் வைத்தல் நன்றன்றோ என்று சிலர் வினவலாம். ஜெர்மனியின் வரலாறு அதற்கு விடை கூறும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் நாட்டுப் பற்றோடு போர்க்கடன் முறிகளை வாங்கிய குடும்பங்கள், 1923ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு டொலருக்கு 4 இலட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க் என்ற நிலை வந்தபோது, அம்முறிகளின் பெறுமதி முழுவதையும் இழந்தன. நமது நாட்டிலும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியின் பெரும்பகுதி அரசாங்கப் பிணைமுறிகளிலேயே இடப்பட்டு வந்துள்ளது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கொழும்பு நகரில் விலைவாசி ஓராண்டில் நூற்றுக்கு ஏறக்குறைய எழுபது உயர்ந்தபோது, கணக்கிலிருந்த ரூபா குறையவில்லை. அந்த ரூபாவுக்குக் கிடைத்த அரிசியே குறைந்தது. இவ்வாபத்தை உணர்ந்தே அமெரிக்கர் 1972ஆம் ஆண்டில், விலைவாசிக்கேற்ப ஓய்வூதியம் தானே உயரச் சட்டம் செய்தனர்.

ஆகவே முதியோர் சேமிப்புக்குப் பகைவர் இருவர்: ஒருவன் திடீரென வீழ்த்துபவன், மற்றவன் மெல்ல அரிப்பவன். முன்னவனுக்கு அஞ்சி அண்மைக்காலச் செலவுக்குரியதைச் சந்தைக்கு வெளியே வைத்தல் வேண்டும். பின்னவனுக்கு அஞ்சி நெடுங்காலத்துக்குரியதில் ஒரு பகுதியை வளரும் இடத்திற் பரவலாக வைத்தல் வேண்டும். இளைப்பாறும் நாள் நெருங்க நெருங்கப் பங்கின் அளவைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். கடன்பட்டுப் பங்கு வாங்குதல் எக்காலத்தும் ஆகாது. இவை தனிமனிதன் செய்யக்கூடியவை. ஆனால் முறிந்த வங்கியின் கதவைத் தனிமனிதன் திறக்க இயலாது. பொய்க்கணக்குக் காட்டும் கம்பனியை அவன் தடுக்கவும் இயலாது. அவற்றைச் செய்ய வேண்டியது சமுதாயமாகும்.

பேரறிஞர் பிஷரும் அவ்வீழ்ச்சியில் தம் பெருஞ்செல்வத்தை இழந்தார். ராஸ்கொப்பின் அறிவுரைப்படி இருபது ஆண்டுகள் தவறாது செலுத்தியவர் செலுத்திய 3,600 டொலருக்கு மேலாகவே பெற்றிருப்பர். ஆயினும் 80,000 டொலர் என்பது கனவாகவே இருந்திருக்கும். நாளை சந்தை ஏறுமா, இறங்குமா என்பதை அவர்களே அறிந்திலர் என்றால், நாம் அறிவோம் என்று முதுமையை அதன் மீது வைத்தல் தகுமா? அறியக்கூடியது ஒன்றுண்டு: அடுத்த சில ஆண்டுகளுக்கு நமக்கு எவ்வளவு வேண்டும் என்பது. அதனை அளந்து தனியே வைத்தவர், சந்தை வீழ்ந்த செய்தி வரும் நாளிலும் அமைதியாக உறங்குவர்.