கோலசிலாங்கூர் படகுத்துறைகள்: ஏறுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கமிருந்து பிள்ளைகளோடு கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போவது நம் குடும்பங்களுக்குப் பழக்கமான ஒன்று. தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என எல்லாரும் இருட்டில் ஒரு சம்பானில் ஏறுகிறோம். நம்மில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. அந்தப் படகுக்கும் படகுத்துறைக்கும் யார் பொறுப்பு என்பதும் தெரியாது.

பொறுப்பு ஒருவரிடம் இல்லை. படகுக்கு உரிமம் தருவது கூட்டரசின் கடல்துறை இலாகா, அதாவது ஜபத்தான் லாவுட். சிலாங்கூர் ஆறு, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மாநில நீர் நிர்வாக வாரியமான லுவாஸின் பார்வையில் இருக்கிறது. மீன் இறக்கும் துறைகளைக் கவனிப்பது 1971இல் தொடங்கிய மீன்வள மேம்பாட்டு வாரியம், எல்.கே.ஐ.எம். கரையோரக் கடைகளும் கட்டடங்களும் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தவை. கழிமுகத்தைத் தாண்டினால் 2005 முதல் ரோந்து செய்துவரும் கடல்சார் அமலாக்க நிறுவனம். இத்தனை கைகள் இருப்பதால்தான் ஆடும் பலகையைப் பற்றி யாரிடம் சொல்வது என்று பயணிக்குப் புரிவதில்லை. ஒவ்வொரு துறையின் நுழைவிலும் பொறுப்பாளர் பெயரும் புகார் எண்ணும் பெரிய எழுத்தில், தமிழிலும், இருக்க வேண்டும்.

படகைவிட முதலில் பார்க்க வேண்டியது துறையைத்தான். 31 ஜூலை 1988 அன்று பட்டர்வொர்த்தில் சுல்தான் அப்துல் ஹலிம் படகுத்துறையின் மேல்தளம் கூட்டத்தின் பாரம் தாங்காமல் இடிந்தது. 32 பேர் இறந்தனர், 1,600க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவும் பினாங்கில் சீனர் திருவிழாவும் ஒரே சமயத்தில் வந்த நாள் அது. அங்கே யாரும் படகில் ஏறிக்கூட இருக்கவில்லை. சிறிய மரத்துறைக்கும் அதே கணக்குதான்: வரிசை கரையில் நிற்க வேண்டும், பலகை மேல் அல்ல.

அடுத்தது நீர்மட்டம். இந்தக் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கிள்ளான் துறைமுகப் பகுதியில் வேறுபாடு சுமார் 4 மீட்டர் வரை போகும். அதனால், மாலையில் படகுக்குச் சமமாக இருந்த துறை, திரும்பி வரும்போது தலைக்கு மேல் நிற்கலாம். நீரோடு ஏறி இறங்கும் மிதவைத்துறை உள்ள இடத்தில் முதியவர்களை ஏற்றுவது எளிது. சசாரான் மணல்திட்டுக்கு, அந்த ‘ஸ்கை மிரர்’ படங்களுக்காகப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கடல் வற்றினால்தான் திட்டு தெரியும். ஏற்றம் வந்ததும் அது மூழ்கிவிடும். படகோட்டி கிளம்பச் சொன்னால் இன்னொரு படம் என்று கெஞ்சாமல் கிளம்ப வேண்டும்.

கம்போங் குவாந்தானில் துடுப்பு போடும் சம்பானில் நாலைந்து பேர்தான் ஏறலாம். பெரம்பாங் மரத்தில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும்போது எல்லாரும் அந்தப் பக்கமே சாய்வோம். ஆபத்து அங்கேதான். கேரளாவின் தேக்கடியில் 30 செப்டம்பர் 2009 அன்று ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் படகு சாய்ந்தது. அதே கேரளாவின் தானூரில் 7 மே 2023 அன்று அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். படகோட்டி உட்காரச் சொன்னால் உட்காருங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

பாதுகாப்பு ஜாக்கெட்டில் வியர்வை வாடை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வாடை போனால் போகட்டும்! அதைக் கரையிலேயே போட்டு, எல்லா வாரையும் மாட்ட வேண்டும். பெரியவர் அளவு ஜாக்கெட் சிறுபிள்ளைக்கு உதவாது. தண்ணீரில் அது மேலே எழும்பி, பிள்ளை கீழே நழுவிவிடும். பிள்ளை அளவில் இல்லையென்றால் ஏற்ற வேண்டாம்.

இருட்டு இங்கே ஒரு சிக்கல். வெளிச்சம் மின்மினிகளைக் குலைக்கும், அதனால் கைப்பேசி ஒளிக்கும் கேமரா ஃபிளாஷுக்கும் தடை. ஆனால் அதே ஆற்றில் விசைப்படகுகளும் போகின்றன. 1972ஆம் ஆண்டின் அனைத்துலக மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, துடுப்புப் படகில் விளக்கு எரியாவிட்டாலும், மோதலைத் தவிர்க்க உரிய நேரத்தில் காட்டும்படி ஒரு டார்ச் கையருகே இருக்க வேண்டும். குறுகிய நீர்வழியில் வலப்பக்கக் கரையை ஒட்டியே போக வேண்டும். எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால், ஒரு விசைப்படகு நேராக நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம்.

விடியற்காலை மீன்பிடிப் பயணம் போகிற இளைஞர்களுக்கு ஒரு சொல். ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமாத்ரா’ எனப்படும் புயல்காற்று மலாக்கா நீரிணையைக் கடந்து பெரும்பாலும் விடியலுக்கு முன்தான் வருகிறது. வானிலை இலாகாவின் எச்சரிக்கையை முந்திய இரவே பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

விபத்து என்றால் 999. படகுத்துறையின் பெயர், படகின் பக்கவாட்டில் எழுதிய பதிவு எண், படகில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்ற மூன்றையும் சொல்ல முடிந்தால் தேடுதல் உடனே தொடங்கும். ஏறும்போதே அந்த எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து, கரையில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடலாம்.