நடுவில் நின்ற தபால்காரர்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகிற வழியில் பிரானூரை இன்றும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறார்கள். அங்குள்ள பரோட்டாக் கடைகளுக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். கேரள எல்லை இப்போது புளியரையைத் தாண்டி மலைப்பக்கம் போய்விட்டது. ஆனால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. இடையில் இருந்தது எட்டு கிலோமீட்டர்தான். அந்த எட்டு கிலோமீட்டரில் பணமே மாறியது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது அந்த ஊர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும். ஒவ்வொரு ரூபாயிலும் அரைச் சக்கர வித்தியாசம். தபாலும் வேறு: திருவிதாங்கூர் அரசு 'அஞ்சல்' என்ற பெயரில் தனித் தபால் நடத்தியது, அது 1951-ல்தான் இந்தியத் தபாலோடு இணைந்தது. 1904-ல் மலையைக் குடைந்து கொல்லம் ரயில் வந்தபிறகு சரக்கு சுலபமாக எல்லை தாண்டியது. அதன் விலை அவ்வளவு சுலபமாகத் திரும்பி வரவில்லை. வியாபாரத்தில் தூரத்தை மைல் கணக்கில் அளக்க முடியாது என்பதற்கு இந்தச் சீமையைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. சரக்கு ஒரு கையைவிட்டுக் கிளம்பி, பணம் மறுகையிலிருந்து வந்து சேரும்வரை யார் பொறுப்பு? அதுதான் தூரம். இன்று குற்றாலத்தில் ஒரு சின்னக் கடைக்காரர் இணையத்தில் கடை போட்டு, கார்டில் பணம் வாங்க வழி தேடும்போது இந்தப் பழைய கேள்வியைத்தான் கேட்கிறார். அவருக்குக் கிடைக்கிற விடையும் முற்றிலும் புதியதல்ல, 1877-ல் தபால் இலாகா கொடுத்த விடையின் தொடர்ச்சிதான் என்பது என் வாதம்.

அந்த ஆண்டில்தான் இந்தியத் தபாலில் வி.பி.பி. (வேல்யூ பேயபிள் போஸ்ட்) தொடங்கியது. மணியார்டர் வேலையைத் தபால் நிலையங்கள் ஏற்றது 1880-ல். இரண்டும் சேர்ந்தபிறகு முன்பின் தெரியாதவருக்குச் சரக்கு விற்பது நடக்கக்கூடிய காரியமாயிற்று. விற்பவர் பார்சலைப் பதிவுத் தபாலில் போட்டு, வசூலிக்க வேண்டிய தொகையை எழுதிக் கொடுப்பார். தபால்காரர் வாசலில் நின்று பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டுதான் பார்சலைக் கையில் கொடுப்பார். அந்தப் பணம் மணியார்டராக விற்பவரிடம் போய்ச் சேரும். மணியார்டர் படிவத்தின் அடியில் ஒரு சின்னக் கூப்பன் இருக்கும். பணம் பெற்றவர் அதைக் கிழித்து வைத்துக்கொண்டால், எந்த ஆர்டருக்கு எந்தப் பணம் என்பதற்கு அதுவே கணக்கு. நாட்டு மருந்து, பஞ்சாங்கம், புத்தகம், கைத்தறிச் சேலை என்று பத்திரிகை விளம்பரத்தின் கடைசி வரியில் 'வி.பி.பி.யிலும் பெறலாம்' என்று போட்டு விற்ற பொருள்கள் எத்தனையோ.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று 1898-ம் ஆண்டு தபால் சட்டத்தில் இருக்கிறது. உண்மையாகவே கேட்டு வந்த ஆர்டருக்குத்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புகிறவர் உறுதி எழுதித் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். மோசடி நடந்தால் வசூலித்த பணத்தை விற்பவருக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்து, கொடுத்தவருக்கே திருப்பித் தர விதிகள் செய்யவும் அது இடம் கொடுத்தது. பார்சலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே செங்கல் இருந்தது என்கிற வழக்கு அன்றைக்கே இலாகாவின் கணக்கில் இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது. இன்று கார்டு உலகில் 'சார்ஜ்பேக்' என்று பெயர் பெற்றிருக்கும் ஏற்பாட்டின் கரு இதுதான். தபால்காரர் வெறும் சுமைதூக்கி அல்லர்; இரு பக்கத்தையும் கொஞ்சம் சந்தேகித்து, இரு பக்கத்துக்கும் கொஞ்சம் பாதுகாப்பு கொடுத்த நடுவர். அந்தச் சட்டம் 2024 ஜூன் வரை நடைமுறையில் இருந்தது.

இந்த நடுவர் இல்லாமலும் தூரத்து வியாபாரம் நடந்திருக்கிறதே என்று கேட்கலாம். நடந்திருக்கிறது, உறவின் பலத்தில். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் சிங்கப்பூரில் வேரூன்றி பல தலைமுறை ஆகிறது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-ல் தோன்றியது. உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை 1946-ல் தொடங்கியதும் அதுதான். அப்படி ஒரு சமூகத்துக்குள் பணமும் பண்டமும் போய்வரத் தனியாக ஜாமீன் வேண்டியதில்லை. மாமன் மகன் கொண்டுபோவான், மச்சான் கொடுத்தனுப்புவான், தவறினால் ஜமாத்தில் கேட்கலாம். ஆனால் அந்த வலைக்கு ஓர் ஓரம் உண்டு. ஓரத்துக்கு வெளியே நிற்பவருக்கு விற்க வேண்டுமானால் உறவு உதவாது, இலாகாதான் உதவும். குற்றாலத்துக்கு இந்த வேறுபாடு முக்கியம். ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும்போது வருகிற கூட்டத்தில் பெரும்பாலோர் கடைக்காரருக்கு முகம் தெரியாதவர்கள். அருவிக்கரையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் நேந்திரங்காய் சிப்ஸும் வாங்கிக்கொண்டு மதுரைக்கும் சென்னைக்கும் திரும்பிவிடுகிறார்கள். சீசன் முடிந்தபிறகும் அவர்களுக்குச் சிப்ஸ் வேண்டியிருக்கும். கடைக்காரருக்கு அவர்கள் வேண்டும். அவர்களைச் சேர்க்க எந்த மாமன் மகனும் கிடையாது.

கார்டு இந்தியாவுக்கு வந்தது பணக்காரரின் பொருளாக. டைனர்ஸ் கிளப் 1961-ல் வந்தது. சென்ட்ரல் பேங்க் தன் கார்டை வெளியிட்டது 1980-ல். இணையத்தில் கார்டு எண்ணை அடிக்கப் பழக்கியதில் 2002-ல் தொடங்கிய ரயில் டிக்கெட் தளத்துக்குப் பெரிய பங்குண்டு. அப்போதும் பயம் போகவில்லை. 2009 ஆகஸ்டிலிருந்து இணையத்தில் கார்டு போட்டால் இன்னொரு ரகசியச் சொல்லும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியபிறகுதான் கொஞ்சம் தெளிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2010-ல் ஃபிளிப்கார்ட் எந்த வழியில் வாடிக்கையாளரைப் பிடித்தது? பொருள் வந்தபிறகு பணம். வி.பி.பி.யை வேறு சட்டை போட்டு அழைத்து வந்தார்கள். மக்கள் அதை உடனே ஏற்றதற்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம் காரணம் என்றே நினைக்கிறேன். அதன் பழைய குறையும் கூடவே வந்தது: வாங்குகிறவர் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் போகவர ஆகும் செலவு விற்பவர் தலையில். பெரிய நிறுவனம் அதைத் தாங்கும். ஐந்து கிலோ சிப்ஸ் அனுப்புகிறவர் தாங்க மாட்டார். முன்பணமாகக் கார்டில் வாங்கும் முறை இந்தச் சுமையை வாங்குபவர் பக்கம் தள்ளுகிறது. சார்ஜ்பேக் அதில் ஒரு பகுதியைத் திரும்ப விற்பவரிடம் கொண்டுவருகிறது. இந்த இழுபறியைப் புரிந்துகொள்ளாமல், இணையத்தில் கார்டுப் பணத்தை வாங்கித்தரும் 'கேட்வே' போட்டுக்கொள்வது பாதி வேலை.

யு.பி.ஐ. இருக்கும்போது கார்டு எதற்கு என்பது நியாயமான ஆட்சேபம். 2016-ல் வந்த யு.பி.ஐ., டீக்கடை வரை போய்விட்டது. 2020 ஜனவரியிலிருந்து அதற்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வியாபாரியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பதும் விதி. கல்லாவுக்கு எதிரில் நிற்கும் வாடிக்கையாளருக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் எங்கோ இருப்பவரிடம் 'இந்த நம்பருக்குப் பணம் போடுங்கள், அனுப்புகிறோம்' என்பது பழைய மணியார்டரைப் போன்றது. பணம் போய்விடும், நடுவில் யாரும் நிற்க மாட்டார்கள். முதல்முறை வாங்குகிறவர் தயங்குவதில் தப்பில்லை. அதோடு, சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த கடையநல்லூர்ப் பேரனிடம் இருப்பது அந்த ஊர் வங்கியின் கார்டு. அதை ஏற்க, கேட்வேயில் வெளிநாட்டுக் கார்டு வசதியைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். இரண்டாவது ரகசியச் சொல் என்ற விதி இந்தியாவில் வழங்கப்பட்ட கார்டுகளுக்குத்தான். வெளிநாட்டுக் கார்டில் அது இல்லாமலே பணம் வரலாம், பிறகு தகராறும் வரலாம். அனுப்பிய ரசீதை எடுத்து வைப்பது அங்கே இரட்டிப்பு அவசியம்.

கட்டணம் லாபத்தைத் தின்றுவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். கேட்வேக்கள் வழக்கமாக நூற்றுக்கு 2 ரூபாய் அளவில் எடுக்கின்றன, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 500 ரூபாய் ஆர்டரில் 11 ரூபாய் 80 பைசா போகும். மணியார்டர் கமிஷன் 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய். அதே 500 ரூபாய்க்கு 25. தொகையைப் பார்த்தால் கார்டு மலிவுதான். வேறுபாடு எங்கே என்றால், வி.பி.பி. செலவு வாங்குகிறவர் கண்ணெதிரில் அவரிடமே வசூலாகும், கார்டுச் செலவு விற்பவரின் பணத்திலிருந்து சத்தமில்லாமல் கழியும். அதனால்தான் இது அதிகமாக உறுத்துகிறது. டெபிட் கார்டைப் பொறுத்தவரை, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்கு உட்பட்ட வியாபாரிக்கு வங்கிக் கட்டணம் 0.40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2018 ஜனவரி முதல் உச்சவரம்பு உண்டு. இந்தச் சலுகை சின்ன வியாபாரியின் கைக்கு வந்து சேர்கிறதா என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, கேட்க வேண்டும்.

காகித வேலையைப் பற்றிய புலம்பலில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கேட்வே நடத்தும் இடைத்தரகு நிறுவனங்களை நேரடியாகத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்ததிலிருந்து பான் கார்டு, கடைப் பெயரில் வங்கிக் கணக்கு, தளத்தில் முகவரி, பணம் திருப்பித் தரும் விதி எல்லாம் கேட்கிறார்கள். 1898-ல் எழுதி வாங்கிய உறுதிமொழியின் இன்றைய வடிவம் இது. கேட்பது தவறல்ல. வீட்டோடு சேர்ந்த கடை வைத்திருப்பவருக்கு அதைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லாததுதான் தவறு. அன்றைக்குத் தபால் நிலைய வாசலில் படிவம் எழுதித்தர ஒருவர் உட்கார்ந்திருந்தார். தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையிலேயே ஜோஹோ நிறுவனம் 2011-லிருந்து இயங்குகிறது. 2024-ல் பணம் பெறும் சேவையையும் அது தொடங்கியது. தொழில்நுட்பம் இந்த மலையடிவாரத்துக்கு வந்துவிட்டது. படிவம் எழுதித்தருகிற ஆள்தான் இன்னும் வரவில்லை. மாவட்டத் தொழில் மையமும் வியாபாரிகள் சங்கங்களும் சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் மேசை போட்டு உட்கார்ந்தால் போதும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேட்வேயில் பதியும்போது வாடிக்கையாளரின் கார்டு கணக்கில் எந்தப் பெயர் விழும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைப்பலகையில் ஒரு பெயரும் அங்கே வேறொரு பெயரும் இருந்தால், மாதக் கடைசியில் கணக்கைப் பார்ப்பவர் 'இது யார்?' என்று வங்கிக்கு எழுதிவிடுவார். பலகையில் உள்ள பெயரையே அங்கும் கொடுங்கள்.