21 வயதில் தீரும் அட்டை

சென்னை முகப்பேரின் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளுக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் இடையே அதிக தூரமில்லை. 1964இல் தொழிற்பேட்டை உருவானபின், அங்கே லேத்திலும் பிரஸ்ஸிலும் நின்று வேலை பார்த்தவர்களின் குடும்பங்களுக்கு வைத்தியம் என்றால் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் (ஈ.எஸ்.ஐ.) டிஸ்பென்சரிதான், பெரிய வியாதி என்றால் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை. அந்த வீடுகளிலிருந்து கல்லூரிக்குப் போன பிள்ளைகளுக்கு மருத்துவப் பாதுகாப்பைத் தந்தது கல்லூரியல்ல, பெற்றோரின் சம்பளப் பிடித்தம். மாணவர் என்பதற்காக அவர்களை இந்த ஏற்பாடு என்றும் ஏற்றதில்லை. தொழிலாளியின் பிள்ளை என்பதற்காகவே ஏற்றது. படிப்பு முடியும் முன்பே அந்த உரிமை பலருக்கு முடிந்துபோவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

பேராசிரியர் பி.பி. அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையின் வழியே 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. ஆலைத் தொழிலாளியின் மகன் பட்டப்படிப்புக்குப் போவதே அபூர்வமாக இருந்த காலம் அது. எனவே சட்டம் கண்ட குடும்பத்தில் மைனர் பிள்ளைகளுக்கே இடமிருந்தது. 1989 திருத்தம்தான் படிக்கும் பிள்ளைக்கு 21 வயது வரை இடம் கொடுத்தது. மணமாகாத மகளுக்கு வயது வரம்பே வைக்கவில்லை. 21 வயதில் மகன் சம்பாதிக்கத் தொடங்கிவிடுவான், மகள் திருமணமாகும்வரை வீட்டில் இருப்பாள் என்ற பழைய கணக்கு இதில் அப்படியே தெரிகிறது. ஆனால் அதே ஆண்டுகளில் நம் ஊர் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1984 முதல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. முகப்பேருக்குப் பக்கத்திலேயே, மதுரவாயலில், 1988இல் எம்.ஜி.ஆர். பெயரில் ஒரு பொறியியல் கல்லூரி எழுந்தது. 17, 18 வயதில் பி.இ. சேரும் மகனுக்குக் கடைசி ஆண்டிலேயே 21 முடிந்துவிடும். எம்.இ., எம்.பி.ஏ. என்று தொடர்ந்தால் அவனுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையில் இடமில்லை. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த 21ஐத் தொடவில்லை.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இன்றைய பெயரைப் பெற்ற அந்தத் திட்டம், வேலையும் திருமணமும் ஆகாத பிள்ளைகளை 25 வயது வரை ஏற்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 10,000. ஈ.எஸ்.ஐ. சம்பள உச்சவரம்போ 2017 முதல் 21,000. மாதம் 16,000 வாங்கும் ஒரு ஃபிட்டரின் மகனை எடுத்துக்கொள்வோம்: 21 முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. விட்டுவிடும், வருமானத்தைப் பார்த்து மாநிலத் திட்டமும் சேர்த்துக்கொள்ளாது. போதாததற்கு, மாநிலத் திட்டம் முதன்மையாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. காய்ச்சலுக்கும் மனச்சோர்வுக்கும் பார்க்கும் புறநோயாளி வைத்தியச் செலவு கைக்காசுதான். கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி அரசு மருத்துவமனைகள் இலவசம் என்பது உண்மை, தமிழ்நாட்டின் பெருமையும்கூட. இருந்தும், ஓ.பி. சீட்டுக்கு ஒரு காலைப்பொழுதை விட்டால் வருகைப்பதிவு குறையும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடும் மாணவருக்கு, கல்லூரியை ஒட்டிய மருத்துவமே உதவும்.

இளைஞர்களுக்கு நோய் குறைவு, காப்பீடு வீண் என்பாரும் உண்டு. நோய் குறைவு என்பதாலேயே அவர்களைச் சேர்த்துக்கொள்வதற்கு ஆகும் செலவும் குறைவு. இதைக் கொல்கத்தா மாணவர்கள் 1952லேயே உணர்ந்தார்கள். மாணவர்களும் மருத்துவர்களும் கைகோத்துத் தொடங்கிய ‘ஸ்டூடன்ட்ஸ் ஹெல்த் ஹோம்’, ஆளுக்கு ஒரு சிறு ஆண்டுச் சந்தாவை வைத்தே மௌலாலியில் மருத்துவமனை நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. அங்கே தகுதி என்பது மாணவராக இருப்பதுதான். பிரான்ஸ் 1948இலேயே மாணவர்களுக்கென்று தனிச் சமூகக் காப்பீட்டை உண்டாக்கியது. 2019க்குள் அதைப் பொதுக் காப்பீட்டில் இணைத்தபோதும் மாணவர் எவரையும் வெளியே விடவில்லை.

அம்பத்தூரில் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து இன்று சம்பளத்தில் 4 சதவீதம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் உருவான உரிமை, பிள்ளை கல்லூரியில் இருக்கும்வரை நீடிப்பதே நியாயம். அதற்குப் புதிய திட்டம் எதுவும் வேண்டாம். சட்டத்தில் 21 என்ற எண்ணை எடுத்துவிட்டு, ‘படிப்பு முடியும்வரை’ என்று எழுதினால் போதும். தொழிற்சங்கங்கள் சம்பள உச்சவரம்பை உயர்த்தச் சொல்லும் கோரிக்கையோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.